ஹார்மோன்

உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை இயக்கும் வேதிப்பொருள் ஹார்மோன். இயக்குநீர் என்றும் சொல்வர். பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல், விரைகள், சூலகங்கள் முதலிய நாளமில்லாச் சுரப்பிகளோடு கணையமும் குடலும் கொழுப்புத் திசுவும்கூட ஹார்மோன் சுரப்பவை. இரத்தம் உடலெங்கும் ஓடினாலும், தனக்குரிய ஏற்பி உள்ள செல்லில் மட்டுமே ஒரு ஹார்மோன் வேலை செய்யும்.

காயடித்த சேவல் கொழுக்கும், கூவாது, சண்டைக்கும் போகாது என்பது கோழி வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்ததுதான். அதன் காரணத்தைத் தேடிச் சோதனை செய்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்னால்டு பெர்தோல்டு. 1849-இல் ஆறு இளஞ்சேவல்களை அவர் எடுத்துக்கொண்டார். விரைகளை முழுதும் இழந்தவை கொண்டை சிறுத்து மந்தமாயின. விரையை அறுத்தெடுத்து வயிற்றறைக்குள் வேறிடத்தில் பதித்த சேவல்களோ கொண்டை சிவந்து வளர்ந்தன, கூவின, மற்றச் சேவல்களோடு மோதின, பெட்டைகளைத் துரத்தின. பிறகு அறுத்துப் பார்த்தால், பதித்த விரைக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு அற்றே இருந்தது. ஆகவே விரையின் செயல் இரத்தத்தின் வழியே பரவுகிறது என்று நான்கே பக்கத்தில் எழுதினார். தோற்றத்தையும் நடத்தையையும் ஒரே சோதனையில் பிணைத்த அந்தக் கட்டுரையைப் பல பத்தாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை.

அதைவிடப் பெரிய பரபரப்பு பாரிசில் எழுந்தது, தவறான காரணத்துக்காக. 1889-இல், 72 வயதான உடலியலறிஞர் பிரௌன்-செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். விரை சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதில் கரைவதில்லை என்பதால், அந்தச் சாற்றில் அது போதிய அளவு இருந்திராது. அவருக்குக் கிடைத்த தெம்பு பெரும்பாலும் நம்பிக்கையின் பயன். ஆனாலும் சுரப்பிச் சாறுகளின்மேல் மருத்துவர்களின் கண் விழுந்தது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி, தைராய்டு குன்றி முகம் வீங்கி, பேச்சும் சிந்தனையும் தளர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றைக் கொடுத்தார். அந்தப் பெண் தேறி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

செரிமான நீர்கள் சுரப்பது நரம்பின் கட்டளையால் என்பது அப்போது ரஷ்ய உடலியலறிஞர் பாவ்லோவின் செல்வாக்கால் நிலைபெற்றிருந்த கருத்து. 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாயொன்றின் சிறுகுடல் பகுதியை நரம்பறுத்து, அதில் அமிலம் விட்டனர். கணையநீர் சுரந்தது. குடலின் உட்படலத்தை அமிலத்தோடு அரைத்து வடிகட்டி இரத்தத்தில் ஏற்றியபோதும் சுரந்தது. அதிலிருந்த பொருளுக்குச் செக்ரட்டின் எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் ஹார்மோன் என்ற பொதுப்பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார்.

பிறகு பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன: 1914-இல் தைராக்சின், 1921-22-இல் டொராண்டோவில் இன்சுலின், 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளை விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோன்.

நடத்தையைப் பற்றிய விளக்கம் இவ்வளவு நேராக முன்னேறவில்லை. சினை கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், அவை ஈனும் பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஆண்போல் நடந்துகொள்வதைக் கான்சஸ் பல்கலைக்கழக ஆய்வு 1959-இல் காட்டியது. பருவத்தில் தூண்டுவதோடு நில்லாமல், கருவிலேயே மூளையின் போக்கை ஹார்மோன் வகுக்கிறது என்பது அதன் பொருள். எதிர்த்திசைச் செல்வாக்கும் உண்டு. 1990-இல் ஜான் விங்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் பறவைகளின் தரவுகளைத் தொகுத்து, போட்டி மூளும்போது ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் உயர்வதை எடுத்துக்காட்டினர். சண்டைக்கு ஹார்மோன் காரணம் என்பது போலவே ஹார்மோன் உயரச் சண்டையும் காரணமாகிறது.

பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்து, பால் வெளிவர உதவும் ஆக்சிடோசினுக்குப் பத்திரிகைகள் சூட்டிய ‘காதல் ஹார்மோன்’ பட்டம் மிகையானது. வாழ்நாள் இணையாகச் சேரும் வட அமெரிக்கப் புல்வெளி வோல் எலிகளின் ஆய்வுகளே அதற்கு முதன்மை ஆதாரம். அந்த எலிகளில் ஆக்சிடோசின் ஏற்பியின் மரபணுவைச் செயலிழக்கச் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், ஏற்பி இல்லாமலே பிறந்தவையும் இணை சேர்ந்தன, குட்டி ஈன்று பாலூட்டின.