பல்லுக்குக் கம்பி கட்டிய கதை

வங்கி உத்தியோகத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் மாற்றல். பல்லுக்குக் கம்பி கட்டினால் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வைத்தியம். பிள்ளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதாகும்போதுதான் கம்பி போடுவார்கள், சரியாக அப்போதுதான் நமக்கும் மாற்றல் உத்தரவு வரும். ஒரு ஊரில் கட்டிய கம்பியை இன்னொரு ஊரில் யார் முறுக்குவது? வெளி மாநிலங்களில் குப்பை கொட்டும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இதற்கு விடை தேடப் போய், கம்பியின் பூர்வீகத்தையே கொஞ்சம் புரட்ட வேண்டியதாகிவிட்டது. படித்தவரை சொல்கிறேன்.

எகிப்து மம்மிகளின் வாயில் பல் கம்பி இருந்ததாக மின்னஞ்சலில் ஒரு கதை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நம்ப வேண்டாம். அந்தக் கம்பிகள் ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டியவை. இத்தாலியில் எட்ருஸ்கன் காலத்துப் பெண்களின் பல்லில் கிடைத்த தங்கப் பட்டைகளும் விழுந்த பல்லுக்குப் பதில் வேறொன்றை நிறுத்தி வைக்கத்தான். பல்லை இடம்விட்டு இடம் நகர்த்தும் வைத்தியம் வேறு. அதற்கு நல்ல பழைய சாட்சி கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியர் செல்ஸஸ். பால் பல் விழுவதற்குள் நிலைப்பல் முளைத்துவிட்டால், பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப் பல்லைத் தினமும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளி வா என்று எழுதி வைத்தார். நம்மூர்ப் பாட்டிகள் சொல்லியிருக்கக்கூடிய வைத்தியம்தான்!

அதன்பின் பெரிய தாவல் 1728ல். பிரான்சில் பியர் ஃபோஷார் பல் வைத்தியத்துக்கென்றே இரண்டு பாகத்தில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் குதிரை லாட வடிவில் ஒரு உலோகப் பட்டை வருகிறது. பட்டையில் துளைகள் இருக்கும், கோணல் பல்லை நூலால் அதில் இழுத்துக் கட்டுவார். அவசரமென்றால் இடுக்கியால் பல்லை ஒரேயடியாகத் திருகி நிமிர்த்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியும் விடுவார். மயக்க ஊசி இல்லாத காலம். நம் பிள்ளைகள் இரண்டு நாள் வலிக்கே சாதம் வேண்டாம் என்று அழுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம் எழலாம். எலும்பில் புதைந்து நிற்கும் பல் எப்படி நகரும்? பல் எலும்போடு ஒட்டியில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் தொடர்ந்து மெதுவாகத் தள்ளினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரையும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு உருவாகும். ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. 1904-05ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பல்லில் கருவி பொருத்தி, நுண்ணோக்கியில் இதைப் பார்த்து எழுதினார். வேகமாக வேண்டுமென்று பலமாக இழுத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று பல் நகராமல் முரண்டு பிடிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. மாதம் ஒருமுறைதான் டாக்டர் கூப்பிடுகிறார், இழுத்தடிக்கிறார் என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். எலும்பு தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

இந்த வைத்தியத்தைத் தனித் துறையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855-1930). 1899ல் மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்துக் கோணல்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார். உங்கள் பிள்ளையின் சீட்டில் ‘கிளாஸ் டூ’ என்று எழுதியிருந்தால், அது ஆங்கிள் வைத்த பெயர்தான். 1900ல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென்றே பள்ளிக்கூடம் தொடங்கினார். கடைசிக் காலத்தில், 1928ல், அவர் விவரித்து எழுதிய கருவிதான் இன்றைய பிராக்கெட்டின் பாட்டன். சிறு உலோகத் துண்டு, அதன் நடுவே செவ்வகப் பள்ளம், பள்ளத்தின் அளவு 0.022 அங்குலத்துக்கு 0.028 அங்குலம். அதற்குள் செவ்வகக் கம்பியைச் செருகினால் பல்லை மேலும் கீழும் மட்டுமல்ல, வேரோடு சாய்க்கவும் திருப்பவும் முடியும். இந்த 0.022 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆங்கிளிடம் ஒரு பிடிவாதமும் இருந்தது. ஆண்டவன் கொடுத்த பல் அத்தனையும் வாயில் இருக்க வேண்டும், ஒன்றைக்கூடப் பிடுங்கக்கூடாது, தாடையை விரித்து எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. கால்வின் கேஸ் என்பவர் எதிர்க்கட்சி. இடமில்லாத வாயில் பல்லைத் திணித்தால் உதடு முன்னே தள்ளி முகம் கெடும், சிலருக்குப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றார். 1911ல் பல் மருத்துவர் மாநாட்டில் கேஸுக்கும் ஆங்கிளின் சீடர் மார்ட்டின் டூயிக்கும் நடந்த விவாதம் அந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிளை மறுத்தவர்களில் முக்கியமான இருவர் அவரிடமே படித்தவர்கள். அமெரிக்காவில் சார்லஸ் ட்வீட், குருவின் வழியில் பல் பிடுங்காமல் முடித்த வைத்தியங்கள் நிலைக்காததைப் பார்த்து, முன் கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்துவிட்டு மறுபடி செய்தார். அப்படிச் செய்த நூறு பேரின் விவரத்தை 1940ல் சக மருத்துவர்கள் முன் வைத்தார். ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக், அந்நாட்டுப் பூர்வகுடிகளின் பழைய மண்டையோடுகளை ஆராய்ந்தார். கரடுமுரடான உணவை மென்று பல் பக்கவாட்டிலும் தேய்ந்து, தானாகவே இடம் உண்டாகியிருந்தது. மெத்தென்ற சாப்பாடு சாப்பிடும் நமக்கு அந்தத் தேய்மானம் இல்லை, அதனால்தான் நெரிசல், பல்லை எடுப்பதில் தவறில்லை என்று வாதாடினார்.

கட்சி மாறி மாறி ஜெயித்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையின் பதிவேடுகளை வைத்து 1994ல் ஒரு கணக்கு வெளியானது. கம்பி கட்டியவர்களில் பல் பிடுங்கப்பட்டவர்கள் 1953ல் 30 சதவீதம், 1968ல் 76 சதவீதம், 1993ல் 28 சதவீதம். மனிதரின் தாடை நாற்பது வருடத்தில் சுருங்கி விரியவில்லை, வைத்தியர்களின் எண்ணம்தான் மாறியது. ஆகவே டாக்டர் “நாலு பல் எடுக்கணும்” என்றால் உடனே அலறவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் இடம் பற்றாக்குறை, எடுக்காவிட்டால் உதடும் பக்கத் தோற்றமும் எப்படி இருக்கும், எக்ஸ்ரேயில் காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேண்டுமானால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

நான் இருக்கும் கொல்கத்தாவுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920ல் இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது, அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். கல்லூரி நடத்தப் பணம்? ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று கடை நடத்தி, அந்த வருமானத்தைக் கல்லூரிக்குப் போட்டார். சோடாவும் இனிப்பும் விற்றுப் பல் கல்லூரி நடத்தியவர் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும்! முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாவும் இந்தக் கல்லூரி மாணவிதான். பின்னால் 1948ல் பல் மருத்துவர் சட்டம், 1949ல் அதன் கவுன்சில், 1965ல் கம்பி கட்டும் நிபுணர்களுக்கான இந்திய சங்கம் என்று வரிசையாக வந்தன. சீல்டா பக்கம் போகிறவர்கள் அகமதுவின் பெயர் தாங்கிய அரசுக் கல்லூரியை இன்றும் பார்க்கலாம்.

சரி, கம்பி எப்படி நம் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது? ஆங்கிள் காலத்தில் கம்பி தங்கத்தில். (இருந்திருந்தால் நம்மவர்கள் அதையும் நகைக் கடனுக்கு வைத்திருப்பார்கள்.) 1930களுக்குப் பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தங்கத்தை ஓரங்கட்டியது. அப்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் போல ஒரு வளையம் மாட்டி, அதில்தான் பிராக்கெட்டைப் பற்றவைப்பார்கள். சிரித்தால் வாய் முழுக்க உலோகம். 1955ல் மைக்கேல் புவோனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். அதன் பலனாகப் பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டும் முறை வந்தது. 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியம் கலவை பல் கம்பியானது. வளைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்ப முயலும், அதனால் மெல்லிய விசை பல நாள் நீடிக்கும். அதே காலத்தில் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், கம்பி கட்டாமலே அழகாக அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை அளந்து, ஒவ்வொரு பல்லுக்குமான சாய்வைப் பிராக்கெட்டிலேயே செதுக்கிவிட்டார். டாக்டர் ஒவ்வொரு தரமும் கம்பியை வளைத்து வளைத்துச் செய்த வேலை பாதிக்கு மேல் மிச்சம்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். என் பெண்ணுக்குக் கம்பி கட்டி ஒன்பது மாதம் ஆகிறது, மாற்றல் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இன்னொரு ஊரில் வைத்தியத்தைத் தொடர முடியுமா என்றால், முடியும். காரணம் அந்த 0.022. இன்றும் பிராக்கெட் பள்ளங்கள் பெரும்பாலும் இரண்டே அளவில்தான் வருகின்றன. ஒன்று ஆங்கிளின் 0.022 அங்குலம், மற்றொன்று பிற்பாடு வந்த 0.018. எந்தக் கிளையில் போட்ட பாஸ்புக்கும் எந்தக் கிளையிலும் செல்லுபடியாவது போல, அளவு தெரிந்தால் மதுரை டாக்டர் விட்ட இடத்திலிருந்து புனே டாக்டர் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஆரம்ப எக்ஸ்ரேக்கள், போட்டோக்கள், பல் அச்சு, வைத்தியத் திட்டம், பள்ளத்தின் அளவு, பிராக்கெட் வகை (எம்பிடி, ராத் என்று ஏதாவது சொல்வார்கள்), இப்போது இருக்கும் கம்பி, கட்டிய பணம், பாக்கி. இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டாதீர்கள். வேலை நடக்க நடக்கத் தவணையில் கொடுப்பதுதான் மாற்றல் குடும்பத்துக்கு நல்லது.

“கம்பியே வேண்டாம், கண்ணாடி மாதிரித் தட்டு இருக்கிறதே?” என்பார்கள். 1997ல் ஸ்டான்ஃபோர்டில் நிர்வாகம் படித்த ஜியா சிஷ்தி, கெல்சி வர்த் இருவரும் ஆரம்பித்த கம்பெனியின் இன்விசலைன்தான் இதில் பிரபலம். ஒரு தட்டு போய் அடுத்த தட்டு, ஒவ்வொன்றும் பல்லைத் துளித்துளியாக நகர்த்தும். தகுந்த டாக்டர் மேற்பார்வையில் பல கோணல்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் டாக்டரைப் பார்க்காமலே தபாலில் தட்டு வாங்கும் வியாபாரமும் வந்தது. அமெரிக்காவில் 2014ல் தொடங்கிய ஸ்மைல்டைரக்ட்கிளப், 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் கடையை மூடியது. பாதி வைத்தியத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவில். கிளை மூடினால் கணக்கு வேறு கிளைக்குப் போகும், இங்கே கணக்கே இல்லாமல் போய்விட்டது. மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நமக்கு ‘எங்கிருந்தாலும் தபாலில் வரும்’ என்பது கவர்ச்சியாகத்தான் தெரியும். ஜாக்கிரதை.

கம்பி இருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், கம்பியைக் கழற்றும் நாளில் பல்லில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும், அவை லேசில் போகாது. சாப்பிட்டவுடன் கொப்பளித்து, கம்பிக்கு மேலும் கீழும் ஃபுளோரைடு பேஸ்டால் தேய்த்து, சந்துக்குச் சின்ன பிரஷ் போட வேண்டும். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் எல்லாம் இரண்டு வருடத்துக்கு அப்பாவின் பங்கு. ஒரு பிராக்கெட் பெயர்ந்தாலும் வைத்தியம் நீளும்.

கம்பி கழற்றியதும் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் பிடுங்கிக் கம்பி கட்டி முடித்த 65 பேரைப் பல வருடம் கழித்துப் பார்த்து 1981ல் எழுதினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கீழ் முன்பற்கள் திரும்பவும் திருப்தியில்லாத நிலைக்குப் போயிருந்தன. அதனால்தான் ரிட்டெய்னர். டாக்டர் சொன்னபடி முதலில் முழு நேரம், பிறகு இரவில் மட்டும், வருடக் கணக்கில். எலும்பைக் கரைத்து வளர்த்து வாங்கிய இடத்துக்கு நாம் கட்டும் வாடகை அது.

கடைசியாக ஒன்று. எல்லாக் கோணலும் நோயல்ல. மெல்ல முடியவில்லை, கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்துகிறது, முன்பல் தூக்கி விழுந்தால் உடைகிற மாதிரி இருக்கிறது, பிள்ளை சிரிக்கவே கூசுகிறது என்றால் கம்பி அவசியம். ஓரத்தில் ஒரு தெத்துப்பல் மட்டும் எட்டிப் பார்க்கிறது, பிள்ளைக்கும் அதில் வருத்தமில்லை என்றால், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பத்து வயதிலேயே பயந்து ஓட வேண்டாம். எங்கள் வீட்டுத் தங்கமணிக்கும் ஒரு தெத்துப்பல் உண்டு. அதைச் சரிசெய்யலாமா என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை.