மாங்கனைட் மென்படலம்: குற்றவாளி யார்?

மாங்கனைட் என்பது மாங்கனீஸும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படிகம். 1950-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கரும் வான் சாண்டனும் அதன் காந்தத்தன்மையை அறிவித்தார்கள். 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த மென்படலத்தில், காந்தப்புலம் பட்டதும் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது!

ஆனால் ஒரே கலவையில் செய்த படலங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏன்?

காரணம் இரண்டு நண்பர்களே. ஒன்று, அடியிலுள்ள படிகம். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படலத்தை இழுக்கும்; லாந்தனம் அலுமினேட் அமுக்கும். மற்றொன்று, ஆக்சிஜன் இழப்பு. ஓர் ஆக்சிஜன் அணு போனால் இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சும். படலம் காந்தமாகும் வெப்பநிலை இறங்கும். கூடவே படிகமும் சற்று விரியும். அதுதான் சிக்கல்! விரிவு அடித்தளத்தால் வந்ததா, ஆக்சிஜன் போனதாலா? ஆக்சிஜனில் சூடாக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

பழைய முடிவுகளை ஒப்பிடும்போது, படலம் எதன்மேல், எவ்வளவு ஆக்சிஜனில் வளர்ந்தது என்று முதலில் பாருங்கள்.