கார்மென் எழுதியவரின் இன்னொரு வேலை

வேலை நிமித்தம் எத்தனையோ தரவுத்தளங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு கதாசிரியரின் பெயரைத் தாங்கியது எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஃபிரான்ஸ் நாட்டின் பழமையான கட்டடங்களைப் பதிவு செய்ய 1978ல் உருவாக்கப்பட்ட அந்தத் தரவுத்தளத்தின் பெயர் 'மெரிமே'. ஆம், 'கார்மென்' குறுநாவலை (1845) எழுதிய அதே ப்ராஸ்பெர் மெரிமேதான் (1803-1870).

கதைப் பைத்தியமாகத் தொடங்கியவர் அவர். 1827ல் பால்கன் பகுதி நாட்டுப்பாடல்களின் மொழிபெயர்ப்பு என்று ஒரு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அத்தனையும் அவரே புனைந்தவை. அசல் என்று நம்பி, அவற்றுள் சிலவற்றை ருஷ்ய மொழிக்குக் கொண்டுபோனார் புஷ்கின்!

இப்படிப் 'பழமை'யைத் தயாரித்தவரிடம்தான் 1834ல், அவருடைய முப்பதாவது வயதில், வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர் பதவி வந்து சேர்ந்தது. ஃபிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் தேவாலயங்களும் மடாலயங்களும் அரசுடைமையாகி, பல ஏலத்தில் போயிருந்தன. புகழ்பெற்ற க்ளூனி மடாலயத்தின் பெரும்பகுதியைக் கல்லுக்காகவே உடைத்து விற்றுவிட்டார்கள். மெரிமே குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார், அளந்தார், வரைந்தார், அறிக்கை எழுதினார். 1840ல் உடனடி உதவி தேவைப்பட்ட சுமார் ஆயிரம் சின்னங்களின் பட்டியல் வெளியானது.

வெஸ்லே என்ற ஊரின் 12ம் நூற்றாண்டுத் தேவாலயம் இடிந்து விழும் நிலையில் இருப்பதை 1834லேயே கண்டு எச்சரித்தார். அதைச் செப்பனிடும் பொறுப்பு 1840ல் 26 வயது வியோலெ-லெ-டுக்கிடம் தரப்பட்டது. இன்றும் அது நிற்கிறது. 1841ல் பூசாக் கோட்டையில் ஈரத்தில் பாழாகிக் கொண்டிருந்த ஆறு திரைச்சீலைகளைக் கண்டார். பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கும் 'பெண்ணும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்' இவைதான்.

அலுவல் பயணங்கள் கதைகளும் தந்தன. 'ஈலின் வீனஸ்' (1837) கதையில் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த வெண்கலச் சிலையின் விரலில் மணமகன் விளையாட்டாக மோதிரத்தை மாட்டிவிட்டு, முதலிரவிலேயே நசுங்கிச் சாகிறான். கதைசொல்லி யார்? ஊர் ஊராகப் போகும் ஒரு தொல்பொருள் ஆய்வாளர்!

கற்பனையும் பாதுகாப்பும் ஒத்துப்போகுமா என்ற கேள்வி எனக்கு உண்டு. இல்லாத பாடல்களைப் புனைந்தவர், கட்டட விஷயத்தில் கறாராக இருந்தார். இருப்பதைக் காக்க வேண்டும், ஐயமின்றி இருந்ததென்று தெரிவதை மட்டுமே திரும்பச் செய்யலாம் என்பது அவர் கொள்கை. எதிர்மாறாக வியோலெ-லெ-டுக், ஒருபோதும் இருந்திராத முழுமையைக்கூடக் கட்டடத்துக்குத் தரலாம் என்று பிற்பாடு எழுதினார். கார்கசோன் கோட்டைக் கோபுரங்களுக்கு அவர் வைத்த கூம்புக் கூரைகள் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. போலியைச் செய்து பார்த்தவருக்கே அசலின் அருமை தெரியும் போலும்.

1870 செப்டம்பரில் கான் நகரில் மெரிமே இறந்தார். எட்டே மாதத்தில், பாரிஸ் கம்யூன் எழுச்சியின் இறுதி நாட்களில், அவருடைய பாரிஸ் வீடு எரிந்தது. புத்தகங்களும் காகிதங்களும் சாம்பலாயின. ஒரு தேசத்தின் நினைவுகளைப் பட்டியலிட்டவரின் சொந்தச் சேகரிப்பைக் காக்க யாரும் இருக்கவில்லை. அவர் பெயரில் இன்று இருப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட ஒரு தரவுத்தளம். தேடிப் பார்க்கும்போதெல்லாம் அந்த எரிந்த வீடும் என் நினைவுக்கு வருகிறது.