சூளை வேண்டாத கல்



சிமெண்டு சேர்க்காமல் கட்டடக் கல் வார்க்க இயலுமா என்று ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டார். இயலும். அவ்வாறு வார்த்துக் குடியிருப்புகளே எழுப்பி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பாடநூல்களில் இடம்பெறாத அவ்வரலாற்றை இங்கே பகிர்கிறேன்.

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுட்டு அரைப்பதே அதன் செய்முறை. இன்றைய சூளைகளின் வெப்பம் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளின் புகை அன்று. சுடும்போது சுண்ணாம்புக்கல்லே விடுவிக்கும் வாயு. சூளையை எதனால் எரித்தாலும் அப்பங்கு குறையாது. மாணவர்களிடம் நாம் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இதுவே. (ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகள் குடையப்படுவதைக் கண்டவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு.)

எனவே, சுண்ணாம்புக்கல்லைப் புதிதாகச் சுடாமலே கெட்டிப்படும் பொருள் ஒன்று வேண்டும். இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசட்டைப் பொடித்து, அதனுடன் காரக் கரைசலைக் கலந்தால் அது கல்லாக இறுகும். பெல்ஜியத்தில் பர்டன் என்பவர் 1940இல் இதனை ஆய்ந்து வெளியிட்டார். 1957இல் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி இதனைக் கட்டுமானத் தொழிலாகவே வளர்த்தெடுத்தார். பண்டைய ரோமானியக் கட்டடங்கள் நெடுங்காலம் நிலைத்தது எவ்வாறு என்ற வினாவும் அவரைத் தூண்டியது. புவி வெப்பமடைவதைப் பற்றிய அச்சம் அன்று பரவலாக இல்லை. சோவியத்து ஒன்றியத்தில் சிமெண்டுக்குத் தட்டுப்பாடு நிலவியது. உருக்காலைகளின் அருகிலோ கசடு மலைபோல் குவிந்து கிடந்தது. தேவைதான் ஆசானாயிற்று.

1960களில் மரியுப்போல் நகரில் இக்கற்காரையால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1986 முதல் 1994 வரை ரஷ்யாவின் லிப்பெட்ஸ்க் நகரில் இருபது மாடிகளுக்கு மேற்பட்டவையும் கட்டப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து இத்தகைய பழைய கட்டுமானங்கள் சிலவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றின் வலிமை தளரவில்லை. முதலில் திட்டமிட்ட அளவைவிடக் கூடியிருந்தது.

அப்படியிருந்தும் இம்முறை ஏன் பரவவில்லை? கட்டட விதிமுறைகள் பல சிமெண்டை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. காரக் கரைசல் கையைப் புண்ணாக்கும். அதனைச் செய்யவும் ஆற்றல் செலவாகும். உலைக்கசடும் உலகத் தேவைக்குப் போதாது. ஆலையில் அளந்து கலந்து அச்சில் வார்க்கும் கற்கள்தாம் இதற்கு எளிய தொடக்கம் என்பது என் கருத்து. கட்டுமானத் தளத்தைவிட அங்கே கலவையைக் கண்காணிப்பது எளிது. ஆனால் ஆஸ்திரேலியர்கள் பெரிய பணிக்கே துணிந்துவிட்டனர். 2014இல் திறக்கப்பட்ட டூவூம்பா வெல்கேம்ப் விமான நிலையத்தில், கனத்த விமானங்கள் நின்று திரும்பும் தளங்களை இவ்வகைக் கற்காரையால் அமைத்தார்கள்.