குகைத் தரையிற் கிடந்த சிறு கற்கள்

விரல் நுனியில் அடங்கும் ஒரு படிகக்கல். அதன் ஒரு பக்கம் மழுங்கியும், மறுபக்கம் கத்தியின் வாய்போற் கூர்மை பெற்றும் இருக்கும். வழியிற் கிடப்பின் அதனைக் குனிந்து நோக்குவார் அரியர். எனினும், மனிதகுலத்தின் பழமை பற்றி அறிஞர் கொண்டிருந்த இரு பெருங் கருத்துகளைத் திருத்தியவை இத்தகைய சிறு கற்களே. அவை கிடைத்த இடங்களுள் மிகச் சிறந்தது, களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களப் பகுதியிலுள்ள பாகியங்கலைக் குகையாகும்.

கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாகியன் இக்குகையிலே தங்கியிருந்தார் என்பது செவிவழி மரபு. குகையின் பெயரும் அவர் பெயரால் அமைந்ததே. அத்துறவியின் காலம் இற்றைக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. குகைத் தரையின்கீழ் உறங்கிய வரலாறோ, அதனிலும் முப்பது மடங்கு நீண்டது.

இலங்கையிற் கற்காலம் ஒன்று இருந்ததோ என்பதே ஒருகாலத்தில் ஐயத்துக்குரியதாயிருந்தது. 1885ஆம் ஆண்டளவில் ஜோன் போல், ஈ. ஈ. கிறீன் என்போர் இந்நாட்டிலே படிகக் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். ஆயினும், படிகம் சக்கிமுக்கிக் கல்லைப்போல் ஒழுங்காக உடைவதன்று. மனிதன் உடைத்தது எது, இயற்கையாய் உடைந்தது எது எனப் பிரித்தறிதல் கடினம். 1907ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞரான சராசின் என்னும் குடும்பப் பெயருடைய இருவர் வேடர் வாழ்ந்த பகுதிகளிற் குகைகளை அகழ்ந்து ஆராய்ந்த பின்னரே ஐயம் அகன்றது. எனினும், அக்கருவிகளின் வயதை அளந்து கூறும் வழி அன்று இருக்கவில்லை.

பாகியங்கலையில் 1968ஆம் ஆண்டிற் சிரான் தெரணியகல முதன்முதலாக அகழ்ந்து பார்த்தார். 1986, 1988ஆம் ஆண்டுகளில் விஜயபால அங்கு விரிவாக அகழ்ந்தார். குகைத் தரை ஒரே மண்ணன்று. ஏட்டின்மேல் ஏடு அடுக்கியதுபோல மண்படைகள் ஒன்றன்மேலொன்றாய் அமைந்திருந்தன. ஒவ்வொரு படையிலும் அடுப்புச் சாம்பலும், கரியும், எலும்பும், கற்கருவிகளும் கலந்து கிடந்தன. கரியில் எஞ்சியுள்ள கதிரியக்கத்தை அளந்தால் அந்நெருப்பு எரிந்த காலம் புலனாகும். அவ்வாறு கணித்தபோது, மனிதர் இக்குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே குடியேறினர் என்பது தெரியவந்தது. இங்கு கிடைத்த மனித எலும்புகள், தற்கால மனித இனத்துக்குரியனவாகத் தென்னாசியாவிற் கிடைத்தவற்றுள் மிகப் பழையனவாக எண்ணப்படுகின்றன.

அம்மக்கள் கருவி செய்த முறை எளிதாயினும் நுட்பமுடையது. படிகத் துண்டை ஒரு கல்லின்மேல் வைத்து, மற்றொரு கல்லால் மேலிருந்து அடித்தனர். சிதறிய சில்லுகளுட் கூர்மையானவற்றைத் தெரிந்தெடுத்தனர். சிலவற்றைப் பிறை வடிவாகவும் முக்கோணமாகவும் திருத்தினர். இவையே நுண்கற்கருவிகள் எனப்படுவன. மரத்தினாலோ எலும்பினாலோ ஆன பிடியிற் பொருத்தி இத்தகைய கருவிகளை வழங்கினர் என்பது அறிஞர் துணிபு.

ஐரோப்பாவிலே நுண்கற்கருவிகள் பனியூழி முடிந்த பின்னரே பெருகின. அவை தோன்றிப் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகா என்றும், பிற நாடுகளில் அவை காணப்படின் அங்கும் அவ்வளவு காலமே என்றும் அறிஞர் பலர் எண்ணினர். 1980களிற் குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில் அத்தகைய கருவிகளுக்கு ஏறத்தாழ 28,000 ஆண்டு வயது கணிக்கப்பட்டபோது, அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது. பாகியங்கலையின் கருவிகளோ அதனிலும் பழையன. ஐரோப்பாவின் கால அட்டவணை உலகம் முழுவதற்கும் பொருந்தாது என்பதை இலங்கைக் குகைகள் நிலைநாட்டின.

இரண்டாவது கருத்து மழைக்காடு பற்றியது. அடர்ந்த மழைக்காட்டிற் பயிர்ச்செய்கையின் துணையின்றி மனிதர் நிலையாக வாழ்தல் இயலாது என 1980களின் இறுதியில் மானிடவியலார் சிலர் வாதிட்டனர். குகையிற் கிடைத்த எலும்புகள் அதற்கு விடையளித்தன. 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அவ்வெலும்புகளுட் பெரும்பாலானவை குரங்கு, மந்தி, பேரணில் ஆகியவற்றுக்குரியன. மரக்கிளைகளிடையே பாய்ந்தோடும் சிற்றுயிர்களை வேட்டையாடுதல், வெட்டவெளியில் மானைத் துரத்துதலினும் அரிது. அத்தொழிலுக்கு ஏற்ற எலும்பு முனைகளும் அங்கேயே கிடைத்தன. அவற்றுட் பல குரங்கெலும்பிலே செய்யப்பட்டவை. முனைகளிற் காணப்படும் உடைவுகளைக் கொண்டு, அவை அம்பு முனைகளாக வழங்கின என 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர் முடிவு கூறினர். கடற்சிப்பியிலே செய்த மணிகளும் உள்நாட்டிலுள்ள இக்குகையை எட்டியிருந்தன.

வேட்டையாடப்பட்ட விலங்குகளுட் பெரும்பாலானவை வளர்ந்தவை என்பதும் கருதத்தக்கது. குட்டிகளையும் விடாது அழித்திருந்தால், பல்லாயிரம் ஆண்டுகளாக அதே காடு அதே மக்களுக்கு உணவளித்திருக்க முடியாது. காட்டை அவர்கள் அறிந்திருந்தனர்; அறிந்தவாறே அளவோடு கொண்டனர்.

இத்தனை செய்தியும் வெளிப்பட்டது, கற்கள் தத்தம் படையிலேயே கிடந்தமையால் ஆகும். குகையைக் காணச் செல்வோர் ஒரு கல்லை விளையாட்டாக எடுத்துப் பையிலிட்டால், அவர் கையில் எஞ்சுவது வெறும் கல்லே. அது எந்த நெருப்பின் அருகே கிடந்தது, எந்த எலும்போடு சேர்ந்திருந்தது என்னும் செய்தி அக்கணமே அழிந்துவிடும். எழுத்தறியாத அம்மக்கள் விட்டுச்சென்ற ஏடு அத்தரை ஒன்றே. அதனைக் கலையாது காப்பது இந்நாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் உரிய கடமையாகும்.