போர்ஷ்: கோட்டை யாருடையது, ஊர் யாருடையது?

இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்தில் கொஞ்சம் தூரம் போய் வருவோம்.

அல்பேனியாவின் தென்பகுதியில், அயோனியன் கடலோரத்தில் இருக்கிறது போர்ஷ் என்ற கிராமம். சரண்டா நகரிலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. முன்னால் ஏறத்தாழ 7 கி.மீ. நீளக் கடற்கரை, பின்னால் மலை, நடுவில் ஆலிவ் தோப்புகள். ஊருக்கு மேலே ஒரு குன்று. அதன் உச்சியில் பாதி இடிந்த நிலையில் நிற்பதுதான் போர்ஷ் கோட்டை. பழைய ஆவணங்களில் இதன் பெயர் சோபோட்.

இவ்வளவு சிறிய ஊருக்கு எதற்குக் கோட்டை என்று நீங்கள் கேட்கலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கு தெற்காகப் போகும் கடலோரப் பாதை இந்தக் குன்றின் அடியில்தான் செல்கிறது. கடலுக்கு அப்பால் கோர்ஃபு தீவு தெரிகிறது. அந்தத் தீவை 1386 முதல் 1797 வரை ஆண்டது வெனிஸ். அதனால், குன்றைப் பிடித்தவன் பாதையையும் கடலையும் ஒருசேரக் கண்காணிக்கலாம்.

ஆகவே கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1279-இல் எபிரஸை ஆண்ட நிகெஃபோரோஸ், ஆஞ்சு வம்சத்து மன்னர் சார்லஸிடம் இதை ஒப்படைத்தார். பின்னர் ஒட்டோமான் துருக்கியர் வந்தார்கள். 1481-இல் சுல்தான் இரண்டாம் முகம்மது இறந்ததும் கிளர்ச்சிக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்; சில ஆண்டுகளில் அது மறுபடியும் துருக்கியர் கைக்கே போனது. 1570-இல் வெனிஸ் தளபதி செபாஸ்தியானோ வெனியர் இதைக் கைப்பற்றினார். அப்போதே அவர் எழுபதைக் கடந்தவர். மறு ஆண்டே துருக்கியர் அதை மீட்டுவிட்டார்கள். அதே 1571 அக்டோபரில், லெபாந்தோ கடற்போரில் வெனிஸ் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவரும் இதே வெனியர்தான்.

கோட்டைக்குள் ஹாஜி பெந்தோ பெயரில் ஒரு மசூதி இருக்கிறது. சுற்றியுள்ள ஹிமாரா ஊர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம் என்றாலும், போர்ஷ் முஸ்லிம் ஊராக மாறியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வந்த எஜமான் வேறு வகை. என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் அரசு மலைக்கோட்டையை நம்பவில்லை. கடற்கரை மணலிலேயே கான்கிரீட் பதுங்கு அறைகளைக் கட்டியது. 1967-இல் நாடு முழுவதும் வழிபாட்டிடங்களை மூடியது. அதே அரசின் காலத்தில்தான் இந்தக் கரையோர மலைச்சரிவுகளை இளைஞர் படைகள் படிப்படியாக வெட்டி ஆலிவ் நட்டன. 1991-க்குப் பின் ஆட்சி மாறியது. பலர் பிழைப்புத் தேடி கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் போனார்கள்.

இப்போது நீங்கள் அங்கே போனால் என்ன பார்ப்பீர்கள்? குன்றின் மேல் செடி முளைத்த சுவர்கள். பராமரிக்க யாரும் இல்லாத பதுங்கு அறைகள். ஆனால் ஊருக்குள் மலையிலிருந்து ஓர் ஊற்று இன்றும் கொட்டிக்கொண்டிருக்கிறது; அதன் மேலேயே ஓர் உணவகம் நடக்கிறது. ஆலிவ் காய்க்கிறது, எண்ணெய் ஆடுகிறார்கள்.

கவனித்தீர்களா? கோட்டைக்காகச் சண்டை போட்ட யாரும் இங்கே குடியிருக்க வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது காவல். அது தேவைப்படாத நாளில் சுவர்களைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீரும் மரங்களும் ஊர்க்காரர்களின் அன்றாடத் தேவை. அதனால் அவற்றை ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துக்கொண்டது.

பொதுச் சொத்து எதுவானாலும், அதைத் தினம் புழங்குகிறவர்கள் கவனித்தால்தான் அது நிற்கும். நம் வளாகத்துக் கிணற்றுக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இது பொருந்தும் என்று தோன்றியதால்தான் இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். என்றாவது அந்தப் பக்கம் போக வாய்த்தால், வெயிலுக்கு முன் குன்றேறிவிட்டு, இறங்கி வந்து அந்த ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவுங்கள்.