சிறைப்பட்ட வீரனும் ஓர் ஏகாரமும்

புறநானூற்றின் 74ஆம் பாட்டைப் பயிலாத தமிழ் மாணவர் இலர் எனலாம். சோழன் செங்கணானொடு பொருது பிடியுண்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, காவலரிடம் தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. காலந்தாழ்த்து வந்த நீரைக் கையிற் கொண்டு, பருகாது, ஒரு பாட்டைச் சொல்லி உயிர் நீத்தான் என்கிறது அப்பாட்டின் அடிக்குறிப்பு. உயிரின்றிப் பிறந்த மகவையும் வாளால் வடுப்படுத்தியே அடக்கஞ் செய்யும் குடியில் வந்தவன், கட்டுண்ட நாய்போல் இருந்து பகைவரிடம் நீர் இரப்பதா என்பது அதன் உள்ளக்கொதிப்பு. மானம் என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்க முற்படும் ஆசிரியர் பலரும் முதலில் நாடுவது இப்பாட்டையே.

ஆயினும், இதே சேரனைப் பற்றி மற்றொரு செய்தியும் வழங்குகிறது. பொய்கையார் 'களவழி நாற்பது' பாடிச் சோழனை மகிழ்வித்துச் சேரனைச் சிறைவீடு செய்தார் என்பது அச்செய்தி. கலிங்கத்துப்பரணியும் இதனைச் சுட்டுகிறது. தமிழ் நாவலர் சரிதையோ, புறப்பாட்டையே சிறையிலிருந்து பொய்கையாருக்குச் சேரன் எழுதி விடுத்த ஓலையாகக் காட்டுகிறது. இவ்விரண்டனுள் எது வரலாறு என்று அறிஞர் நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு. நீர் பருகாது இறந்த சேரனை உலகம் நினைவிற் கொண்டது; நீர் பருகி, உயிர் தரித்து, ஊர் மீண்ட சேரன் சிறையில் எவ்வாறு நடந்துகொண்டான் என்று எவரும் கேட்கவில்லை. இறப்பவனுக்குரிய ஒழுக்கத்தைப் புறம் உரைத்தது. பிழைத்திருப்பவனுக்குரிய ஒழுக்கம் யாது? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நாடு அதனை எழுத்தில் வகுக்க முயன்றது. எழுதியதை இருபத்திரண்டு ஆண்டுகளில் திருத்தவும் நேர்ந்தது.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, போர்க்கைதியைப் பிடித்தவன் என்ன செய்யலாகாது என்பதை விரிவாகச் சொல்கிறது. அதன் 17ஆம் விதிப்படி, கைதி தன் பெயர், படைப்பதவி, பிறந்த நாள், படை எண் ஆகிய நான்கை மட்டும் சொன்னாற் போதும். மேற்கொண்டு செய்தி பெறுவதற்காக அவனை உடலாலோ உள்ளத்தாலோ வதைக்கலாகாது. இது கைதிக்குக் கொடுத்த கவசம். அக்கவசத்தையே அவன் தலைமேல் ஒரு சுமையாக ஏற்றியவர் அவன் சொந்த நாட்டார்.

அதற்குக் காரணம் கொரியப் போர். 1950 முதல் 1953 வரை நடந்த அப்போரில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் பிடிபட்டனர். அவருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் குளிராலும் பசியாலும் நோயாலும் கொடுமையாலும் முகாம்களிலேயே மாண்டனர். இவ்வளவு சாவுக்கு இரங்கியிருக்க வேண்டிய நாடு, வேறொன்றைப் பற்றியே மிகுதியாகப் பேசியது. இருபத்தொரு அமெரிக்க வீரர் தாயகம் திரும்ப மறுத்துச் சீனஞ் சென்றனர். வானூர்தி வீரர் சிலர், தாங்கள் நோய்க்கிருமிப் போர் நடத்தியதாக வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தனர். அவருள் ஒருவரான கர்னல் ஃபிராங்க் ஷ்வேபிள், உறைபனியில் தனிமைச் சிறையில் நொறுக்கப்பட்ட பின்னரே கையொப்பமிட்டார். 1954இல் அவரை விசாரித்த மன்றம் தண்டனை வேண்டா என்றது. எனினும் ஐயத்தின் நிழல் அவரை விட்டு நீங்கவில்லை.

இப்பின்னணியில், 1955 ஆகஸ்டு 17ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒழுக்கநெறி ஒன்றை வெளியிட்டார். அதில் ஆறே விதிகள். அவை தன்மை ஒருமையில், சூளுரை போல் அமைந்தவை. நானாகச் சரணடையேன்; பிடிபட்டால் எதிர்த்து நிற்பேன், தப்ப முயல்வேன், பகைவன் தரும் தனிச்சலுகையை ஏலேன்; உடன்கைதிக்குக் கேடு சூழேன்; மூத்தவனாயின் தலைமை ஏற்பேன் என்று அது செல்கிறது. வஞ்சினக் காஞ்சியைப் படித்தவர்க்கு இந்நடை புதிதன்று. ஐந்தாம் விதியில்தான் ஜெனீவாவின் நான்கு செய்திகள் வருகின்றன. அந்நான்கை மட்டுமே சொல்லக் கட்டுப்பட்டவன் நான் என்றும், மேற்கொண்டு கேட்பனவற்றுக்கு இயன்ற மட்டும் விடை தவிர்ப்பேன் என்றும் வீரன் உறுதி கூறவேண்டும். 'மட்டுமே' என்பதையும் 'இயன்ற மட்டும்' என்பதையும் அடுத்தடுத்து வைத்தவர், அவை ஒன்றோடொன்று மோதும் என்று கருதவில்லை போலும்.

மோதிய இடம் ஹனாய். பிரெஞ்சுக்காரர் கட்டிய ஹோவா லோ சிறையிலும் அதனைச் சார்ந்த பிற முகாம்களிலும் அமெரிக்க வானோடிகள் அடைக்கப்பட்டனர். வட வியத்நாம் அவர்களைப் போர்க்கைதிகளாக ஏலாது குற்றவாளிகள் என்றது. மணிக்கட்டையும் தோளையும் கயிற்றாற் பின்னிழுத்துக் கட்டும் வதைக்கு முன் நான்கு செய்தியோடு நின்றவர் அரியர். வாய் திறந்தவன் மீண்டும் கொட்டடிக்கு வந்து, தானொருவனே தோற்றவன், தானே துரோகி என்று சுவரை நோக்கிக் கிடந்தான். வதையினும் அத்தனிமையே கொடிது என்பதைப் பின்னர்ப் பலரும் உரைத்தனர்.

அவர்களை மீட்டது அச்சுவரே. 1965இல் பிடிபட்ட கேப்டன் கார்லைல் ஹாரிஸ், முன்னொரு பயிற்சியின்போது வகுப்புக்கு வெளியே ஆசிரியர் ஒருவர் சொன்ன தட்டுக்குறி முறையை நினைவு கூர்ந்தார். ஆங்கில எழுத்து இருபத்தாறனுள் 'கே'யை நீக்கி, அதன் வேலையைச் 'சி'யிடம் ஒப்படைத்து, எஞ்சிய இருபத்தைந்தையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் நிறுத்துவது. முதலில் வரிசைக்கு, அடுத்து இடத்துக்கு எனத் தட்டுவது. (தொல்காப்பியர் கூறும் முதலெழுத்து முப்பதும் ஐந்துக்கு ஆறு கட்டத்தில் அழகாகவே அடங்கும்.) தட்டியும் இருமியும் துடைப்பத்தால் தரையை உரசியும் அவர்கள் பேசினர். புதிதாய் வந்தவன் தன் தோல்வியைத் தட்டியபோது, எங்களுக்கும் அதுவே நேர்ந்தது என்று மறுபுறத்திலிருந்து விடை வந்தது. ஜான் போர்லிங் என்னும் வானோடி, எழுதுகோலும் தாளும் இன்றி மனத்திலேயே கவிதை புனைந்து, அவற்றைத் தட்டியே அடுத்த கொட்டடியார்க்கு அனுப்பினார். அக்கவிதைகள் 2013இல் நூலாயின. செவிவழிக் கல்வி என்று இலக்கிய வரலாறு பேசுவதற்கு இதனினும் கடுமையான சான்று கிடைத்தல் அரிது.

அக்கைதிகளுள் மூத்தோருள் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். 1965 செப்டம்பரில் வீழ்ந்தவர், கால் முறிந்தவர், ஏழாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர். ரோமப் பேரரசில் அடிமையாய் வாழ்ந்த காலூனமுற்ற மெய்யறிஞர் எபிக்டெடஸை முன்பே பயின்றிருந்த அவர், உடல் தன் வயமன்று, உள்ளத்தின் துணிவே தன் வயம் என்ற பாடத்தைச் சிறையிற் சோதித்துப் பார்த்தார். எழுதப்பட்ட விதி சிறைக்குப் போதாது என்பதைக் கண்டு, சுவர்வழியே வேறு ஆணைகள் விடுத்தார். பலர் முன் தலை வணங்காதே, வானொலியிற் பேசாதே, குற்றம் ஒப்புக்கொள்ளாதே, எவன் தனித்தும் மேன்மை தேடாதே என்பன அவை. தாங்கும் எல்லைவரை தாங்கு, எல்லை கடந்தால் மிகக் குறைந்ததைக் கொடு, மீண்டு எழு, அடுத்த முறையும் பகைவன் முதலிலிருந்தே தொடங்கட்டும் என்பது அங்கு நிலைத்த வழக்கம். உடையாதவனே வீரன் என்ற வரையறை, உடைந்தும் எழுபவனைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட இடம் இது. முறிந்து முறிந்து எழுந்தவனுக்கு ஒவ்வொரு நாளும் புதிய போராகலின், இதனை மானத்தின் குறைபாடு என்பது பொருந்தாது.

சொல்லையே படைக்கலமாக்கியவரும் உண்டு. 1966இல் ஜெரமையா டென்டன், தொலைக்காட்சிப் படக்கருவியின் முன் வெளிச்சம் கூசுவது போலக் கண்ணிமைத்து, மோர்ஸ் குறியில் 'வதை' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாய் உணர்த்தினார். 1968 ஜனவரியில் வட கொரியர் கைப்பற்றிய 'பியூப்லோ' கப்பலின் தலைவர் லாயிட் புக்கர், தம் மாலுமியரைக் கண்முன் சுட்டுக் கொல்வதாக அச்சுறுத்தியபின் வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார். ஆயின் வாக்குமூலத்தில் அவர் புகுத்திய 'பீயன்' என்னும் ஆங்கிலச் சொல் அகராதியில் துதிப்பாடலைக் குறிக்கும்; வாய்விட்டுப் படித்தால் சிறுநீர் கழித்தலைக் குறிக்கும். அகராதி பார்த்த அதிகாரிகள் மகிழ்ந்தனர். காளமேகம் கேட்டிருந்தால் நகைத்திருப்பார். பதினொரு திங்களுக்குப் பின் எண்பத்திருவரும் மீண்டனர். விசாரணை மன்றம் புக்கரைப் படைநீதிமன்றில் நிறுத்தவேண்டும் என்றது. அவர்கள் பட்டது போதும் என்று 1969இல் கடற்படைச் செயலர் தடுத்துவிட்டார்.

1973இல் ஹனாயிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் 591 கைதிகள் தாயகம் திரும்பினர். வரவேற்பு ஆரவாரத்தினிடையே, மூத்த கைதி ஒருவர் உடனிருந்த எட்டுக் கீழ்நிலை வீரர்மீது, பகைவரொடு ஒத்துழைத்தனர் என்று குற்றஞ் சாட்டினார். அவ்வெண்மருள் ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அடுத்த திங்களில், எஞ்சியோர் மீதிருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவ்வீரர் செய்தவை எல்லாம் வதையால் விளைந்தனவல்ல என்பது குற்றஞ் சாட்டியவரின் வாதம். அதனைப் பொய்யென்று தள்ளவும் இயலாது. உடைந்தவனுக்கும் உடன்பட்டவனுக்கும் இடையிலான கோட்டைச் சிறைக்கு வெளியே இருந்து வரைவது எளிதன்று.

1976இல் கூடிய ஆய்வுக்குழுவின் முன், ஐந்தாம் விதியைக் கைதிகள் பலவாறு பொருள் கொண்டமை வெளிப்பட்டது. நான்கு செய்திக்கு மேல் ஒரு சொல் கூறினும் துரோகம் என்று கொண்டவர் சிலர். இயன்ற மட்டும் தவிர்த்தலே விதியின் உயிர் என்று கொண்டவர் சிலர். 1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவ்விதியைத் திருத்தினார். 'கட்டுப்பட்டவன்' என்ற பொருளில் இருந்த சொல், 'கூறவேண்டியவன்' என்ற பொருளிலமைந்த சொல்லாயிற்று. 'ஒன்லி' என்ற சொல் அடியோடு நீக்கப்பட்டது. தமிழிலக்கணத்தால் சொல்வதாயின், 'இந்நான்கையே' என்பதிலிருந்த பிரிநிலை ஏகாரம் கெட்டு, 'இந்நான்கை' என நின்றது. மேற்கொண்டு கேட்பனவற்றை இயன்ற மட்டும் தவிர்ப்பேன் என்ற வரி மாறவில்லை.

பதினோராண்டு கழித்து, 1988இல் மற்றொரு திருத்தம் வந்தது. முதல் விதியில் போரிடும் 'ஆண்மகன்' என்றிருந்தது, போரிடும் அமெரிக்கர் என்று ஆண்பெண் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட படைச் செவிலியர் அறுபதுக்கு மேற்பட்டோர், சாண்டோ டோமாஸ் முகாமில் ஏறக்குறைய மூன்றாண்டு சிறையிருந்து, அங்கேயே மருத்துவமனை நடத்தி, ஒருவரும் இறவாது 1945இல் மீண்டிருந்தனர்.